முப்பது நாள் மன்னர்

புதுக்கோட்டையில் மன்னராட்சி 1948 மார்ச் 3-ஆம் தேதியோடு முடிந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அரண்மனை பின்னாளில் கலெக்டர் ஆபீஸ் ஆனது. ஆனால் வருஷா வருஷம் ஜனவரி முதல் தேதி விடிகாலையில் புதுக்குளத்துக் கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். பனிக்குல்லா போட்டுக்கொண்டு நடக்கிற பெரியவர்களுக்கு நடுவே, கிளிப்பச்சை ஷூவும் கையில்லாத பனியனுமாக ஒருவர் கையைக் காலை உதறிக்கொண்டு நிற்பார். அவர்தான் புதிதாகப் பட்டம் ஏற்றிருக்கும் மன்னர். ஆட்சிக்காலம் முப்பது நாள். பெரும்பாலும் அதற்கு முன்பே கவிழ்ந்துவிடும்.

மன்னருக்கு வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். கீழராஜ வீதியில் கடை வைத்திருப்பார், அல்லது வாத்தியாராக இருப்பார், அல்லது பேங்கில் லோன் பார்ப்பார். கடைசியாக அவர் ஓடியது மன்னர் கல்லூரியில் படித்த காலத்தில், நகர ஆரம்பித்துவிட்ட திருச்சி பஸ்ஸைப் பிடிக்க. பஸ் கிடைக்கவில்லை என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கப்புறம் வண்டி வந்துவிட்டது. தெருமுனைக் கடைக்குப் போவதற்கும் சாவியைத் தேடுவார். ராத்திரி பரோட்டாவும் முட்டை மாஸும். இப்படி இருபது வருஷம் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு.

அதை ஒரே மாதத்தில் எழுப்பி நிறுத்த வேண்டும் என்ற வேகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மச்சினனிடமிருந்து. ஏதாவது ஒரு காதுகுத்து வீட்டில், பத்துப் பேர் நிற்கிற இடத்தில், மச்சினன் மன்னரின் வயிற்றைத் தட்டிப் பார்த்து, “என்ன மாமா, எத்தனாவது மாசம்?” என்று கேட்டிருப்பான். சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, படுத்தபடி செல்போனைத் தடவினால், அது எப்படித்தான் மோப்பம் பிடிக்குமோ, ‘முப்பது நாளில் சிக்ஸ் பேக்’ என்று ஒரு கட்டுமஸ்தான பையன் வந்து நிற்பான். அந்தப் பையனுக்கு வயது இருபத்திரண்டு, வேலையே அதுதான் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மன்னர் கண்ணில் படாது.

பட்டாபிஷேகச் செலவு அடுத்த நாளே தொடங்கும். ஷூ, கையுறை, இடுப்பு பெல்ட், ஒரு வாளி அளவு டப்பாவில் புரோட்டீன் பவுடர், அதைக் குலுக்க ஒரு குடுவை. ஜிம்முக்குப் பணம் வருஷக் கணக்கில் கட்டுவார். ‘மாசா மாசம் கட்டினால் விட்டுவிடுவோம்’ என்பது அவர் தந்திரம். வீட்டிலும் இருக்கட்டும் என்று ஒரு டம்பெல் செட் வாங்கி ஹாலில் வைப்பார். அரசியார் அதைச் சுற்றிக்கொண்டு பெருக்கக் கற்றுக்கொள்வார்.

ஜிம்மில் முதல் நாளைத்தான் நின்று பார்க்க வேண்டும். சுவரில் ‘நோ பெயின் நோ கெயின்’ என்று ஆளுயர எழுத்து. அந்த வாசகத்தை எழுதியவன் மூட்டு வைத்தியரின் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். மாஸ்டர் நல்ல பையன். முதலில் பத்து நிமிஷம் வார்ம்-அப், வெறும் கம்பியை வைத்து உட்கார்ந்து எழுந்திருங்கள், இன்றைக்கு இது போதும் என்பான். மன்னருக்கு அது கௌரவக் குறைச்சல்.

“அந்தப் பையன் எவ்வளவு தூக்குறான் மாஸ்டர்?”

“அறுபது கிலோண்ணே. அவன் மூணு வருஷமா வர்றான்.”

“நான் நாப்பத்தஞ்சு வருஷமா இருக்கேன்ல. போடு.”

போட்டார்கள். மன்னர் முதுகை வில்லாக வளைத்து, மூச்சைப் பிடித்து, கண்கள் வெளியே வரும் அளவுக்குத் தூக்கினார். அடுத்து பர்பி. கையை ஊன்றிப் படுத்து, எழுந்து, குதிக்கிற அந்தப் பயிற்சியைக் கண்டுபிடித்தவருக்கு மனிதர்கள் மேல் என்ன கோபமோ தெரியாது. செல்போனில் வந்த பையன் நூறு எடுக்கச் சொன்னானாம். மன்னர் எண்பதில் நிறுத்தினார். நிறுத்தினார் என்பதைவிட நின்றுபோனார் என்பது சரி. கண்ணாடி முன் நின்று ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்: ‘முதல் நாள். இனி நிறுத்த முடியாது.’

முதல் நாள் இரவு ஒன்றும் தெரியாது. அதுதான் சூழ்ச்சி. பழக்கமில்லாத வேலை செய்த தசை உடனே வலிப்பதில்லை. அதன் நார்களில் ஏற்பட்ட நுண்ணிய கிழிசல்களும் வீக்கமும் வலியாகத் தெரிய ஒரு நாள் ஆகும், உச்சத்துக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் மன்னர் தெம்பாக இரண்டாம் நாளும் போய் அதே காலுக்கு அதே தண்டனையைக் கொடுத்துவிட்டு வருவார்.

மூன்றாம் நாள் காலையில் அரண்மனையில் கூச்சல். வீட்டில் இருப்பது உட்காரும் கழிப்பறை அல்ல, குந்தும் கழிப்பறை. உள்ளே போன மன்னர் எப்படியோ குந்திவிட்டார். எழ முடியவில்லை.

“ஏங்க, ஆபீசுக்கு நேரமாகுது. உள்ள என்ன பண்றீங்க?”

“கதவைத் திறக்க முடியல.”

“தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சா?”

“கால் சிக்கிக்கிச்சு.”

அன்றிலிருந்து மன்னர் மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிகம் பயந்தார். பக்கவாட்டில், நண்டாக இறங்கினார். இதில் விஞ்ஞானம் உண்டு: சுமையைத் தாங்கியபடி தசை நீளும்போதுதான் அதற்குச் சேதம் கூடுதல், இறங்கும்போது தொடை செய்வது அந்த வேலைதான். ஆனால் மன்னரின் தாயாருக்கு விஞ்ஞானம் தேவைப்படவில்லை. “இது சுளுக்குடா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கழுத்துப் பிடிப்புக்குத் தலையணை வெயிலில் காய்ந்தது. இடுப்புக்கு, காலால் பிறந்த ஒருவரைத் தெருவில் தேடிக் கண்டுபிடித்து, மூன்று தரம் மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தவர் எண்பது கிலோ. அதற்கப்புறம் மன்னர் மூச்சுவிடவே யோசித்தார்.

இந்த இடத்தில் நம் மாவட்டத்து மொய் விருந்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆடி, ஆவணியில் கீரமங்கலம், வடகாடு பக்கம் பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள்; வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். விருந்து வைக்கிறவர் அதற்கு முன் நாலைந்து வருஷமாக ஊரெல்லாம் போய் மொய் செய்திருப்பார். அதுதான் கூடுதலாகத் திரும்பி வரும். எங்கும் ஒரு ரூபாய்கூடப் போடாதவர் திடீரென்று பத்திரிகை அடித்துப் பந்தல் போட்டால் யார் வருவார்கள்? உடம்பும் இப்படி ஒரு மொய் நோட்டு வைத்திருக்கிறது. மன்னர் இருபது வருஷம் அதற்கு ஒரு மொய்யும் செய்யவில்லை. ஜனவரியில் விருந்து வைத்து லட்சக்கணக்கில் வசூலாக வேண்டும் என்கிறார். உடம்பு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வலியை மட்டும் எழுதிக்கொடுக்கிறது.

நோட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. தசை கொஞ்ச வாரங்களிலேயே பலம் காட்ட ஆரம்பித்துவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை பலப்பட மாதக்கணக்கில் ஆகும். ‘இப்பத்தான் சூப்பரா தூக்குறேன்’ என்று தாக்குப்பிடித்த மன்னர்கள் சொல்கிற மூன்றாவது, நாலாவது வாரத்தில் தோள்பட்டையும் முழங்காலும் குதிகால் நாணும் கழன்றுகொள்வது இதனால்தான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியாத விஷயமும் அல்ல. சிலம்பம் கற்றுக்கொடுக்கும் பெரியவரிடம் போய்ப் பாருங்கள். முதல் நாளே கம்பைக் கையில் கொடுக்க மாட்டார். முதலில் வணக்கம், அப்புறம் காலடி. முன்னே வை, பின்னே வை, திரும்பு. பிள்ளைகள் சலித்துப்போகும் வரை காலடிதான். நம் மன்னர் ஒருமுறை அப்படி ஒரு பெரியவரிடம், “கர்லாக்கட்டை சுத்தினா எத்தனை நாள்ல தொப்பை குறையும்?” என்று கேட்டார். பெரியவர் மன்னரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “முதல்ல கட்டை இல்லாமக் கையை மட்டும் சுத்துங்க தம்பி. அடுத்த மாசம் பேசுவோம்” என்றார். மன்னர் அடுத்த மாசம் அந்தப் பக்கம் போகவில்லை.

நம் கத்தக்குறிச்சியிலிருந்து கிளம்பிய சாந்தி சௌந்தரராஜன் 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தார். அந்த இரண்டு நிமிடத்துச் சொச்சத்துக்குப் பின்னால் எத்தனை வருஷத்து மண் பாதை! அதை யாரும் முப்பது நாள் சவாலாகப் போட்டு விற்கவில்லை.

மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதையைக்கூட மன்னர் தனக்குக் கொடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு வாடிவாசல் வழக்கமாக நம் தச்சங்குறிச்சியில்தான் திறக்கும். அதற்காகக் காளையை மாதக்கணக்கில் பழக்குவார்கள்: நடை, கண்மாயில் நீச்சல், மண் குத்துதல் என்று கொஞ்சம் கொஞ்சமாக. களத்துக்கு வந்தால் காளைக்கு மருத்துவப் பரிசோதனை, பிடிக்க வருகிற வீரனுக்கும் பரிசோதனை. தேறாதவன் வெளியே. மன்னரோ சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று ஒரு டாக்டரிடம்கூடக் காட்டாமல் நேராக வாடிவாசலுக்குள் நிற்கிறார். கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று காலையில் உடற்பயிற்சிக்குப் பின் உடம்பு சரியில்லாமல் போய் 46 வயதில் மாரடைப்பில் இறந்தபோது, பெங்களூரில் இதயப் பரிசோதனைக்கு ஜிம் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பயிற்சிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மயக்கம் என்று எது வந்தாலும் ‘இன்னும் ஒரு செட்’ என்று நிற்கக் கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொன்று, இது சிரிக்கிற விஷயம் அல்ல. அளவு மீறி வதைத்தால் தசை உடைந்து அதன் சரக்கு ரத்தத்தில் கலக்கும். மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். இதைத் தெளிவாக விவரித்தது 1941-இல், லண்டனில் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்கு அடியில் நசுங்கியவர்களைப் பார்த்த மருத்துவர்கள். யுத்தத்தில் கட்டடம் விழுந்து வந்த வியாதியை நாம் பணம் கட்டி ஜிம்மில் வாங்குகிறோம். அமெரிக்காவில் கிராஸ்ஃபிட் என்ற கடும்பயிற்சிக்காரர்கள் மத்தியில் இதற்கு ‘அங்கிள் ராப்டோ’ என்று ஒரு கோமாளிப் படமே இருந்தது. அவனுடைய சிறுநீரகம் வெளியே கிடக்கும். அதையும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். அறிகுறிகள் எளிமையானவை: சாதாரண வலியைத் தாண்டிய வலி, வீக்கம், கை கால் தூக்க முடியாத பலவீனம், பால் ஊற்றாத டீ நிறத்தில் சிறுநீர். அதைப் பார்த்தால் தைலம் தேய்க்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. நம் வெயிலில், வியர்க்க வேண்டும் என்று ஜெர்கின் மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் ஓடுவதும், வலிக்கிறது என்று மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரையாக விழுங்குவதும் சிறுநீரகத்துக்குச் செய்யும் கூடுதல் உபகாரம். முள்ளூரில் 2017-இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போகலாம். ராணியார் மருத்துவமனை மகப்பேற்றுக்கும் குழந்தைகளுக்கும். வயிறு எவ்வளவு ஒத்துழைத்தாலும் மன்னருக்கு அங்கே இடமில்லை.

புதுக்குளத்தில் நடக்கிற அந்தக் குல்லா போட்ட பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை. கூட்டணி யாரோடு யார் என்று பேசிக்கொண்டே சுற்றி வருவார்கள். அந்தப் பேச்சுதான் அளவுகோல். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட்டே பாட முடிந்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம். பேச்சே வரவில்லையென்றால் குறைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: வாரத்துக்கு குறைந்தது 150 நிமிஷம் இந்த மாதிரி மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வேலை. பெரியவர்கள் அரசியல் பேசியே கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

நம் மன்னர் பொங்கலுக்கு முன்பே முடி துறந்தார். இப்போது சாயங்காலம் அரசியாரோடு அரை மணி நேரம் நடக்கிறார், காய்கறிப் பையை அவரே தூக்கி வருகிறார், அது அவருக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. ஜிம் பணம் போனது போனதுதான். ஹாலில் டம்பெல் செட் அப்படியே, உறை பிரித்தது பிரித்தபடி இருக்கிறது. பாதி விலைக்குத் தருகிறார். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பேராக வாருங்கள். முட்டியை மடக்கித் தூக்குங்கள், முதுகை வளைக்காதீர்கள்.