பதிவேடு கூட்டிய நட்பு: கூச்சமுள்ள முதலாண்டுப் பொறியியல் மாணவரைக் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு சேரும் கூச்சமுள்ள மாணவருக்கு நண்பர்கள் எவ்வாறு வாய்க்கிறார்கள் என்ற வினாவுக்கு, குணம், ஊர்ப்பற்று, சினிமா ரசனை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டுவதே வழக்கம். இக்காரணங்கள் யாவும் பின்னால் சேர்த்துக்கொள்ளப்பட்ட அலங்காரங்கள் என்றும், அந்நட்பைத் தோற்றுவிப்பது வருகைப் பதிவேடு என்றும், அதில் மாணவரின் பங்கு எதிர்ப்புத் தெரிவிக்காமல் இருப்பது மட்டுமே என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முதலில் கூச்சத்தை அச்சத்திலிருந்து பிரித்தறிதல் வேண்டும். மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அச்சம் தோன்றும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கையே கூறுகிறார். துறைத்தலைவரை நான்காவதில் அடக்கிவிடலாம். ஹாஸ்டலைச் சுற்றித் திரியும் நாய்களுக்கு இரண்டாவதில் இடமுண்டு. ஆனால் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும் சக மாணவர் இந்நான்கில் எதனுள்ளும் அடங்கார் ஆதலின், அவரிடம் பேச்சுக் கொடுக்கத் தயங்குவது அச்சம் ஆகாது. சொல்வதற்குச் செய்தி இருந்தும், அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், எதிராளி தொடங்கட்டும் என்று இருவரும் ஒரே சமயத்தில் காத்திருக்கும் நிலையே கூச்சம் என்று இங்கு வரையறுக்கப்படுகிறது. உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ 1970களில் அமெரிக்காவில் நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 40 சதவீதத்தினர் தம்மைக் கூச்சமுடையோர் என்றே கூறிக்கொண்டனர். 60 பேர் உள்ள வகுப்புக்கு அதைப் பொருத்தினால் 24 பேர் தேறுவர். ஒவ்வொருவரும் தாம் ஒருவரே அத்தகையவர் என்று நம்புவர். அமெரிக்கக் கணக்கு நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். இங்கு அது கூடுமேயன்றிக் குறையாது.

முதல் வாரத்தில் பேராசிரியர் ஒவ்வொருவரும் நடத்திவைக்கும் ‘செல்ஃப் இன்ட்ரோ’ என்ற சடங்கு, அதாவது மாணவர் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், படித்த பள்ளி, பொழுதுபோக்கு ஆகியவற்றை ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு அமரும் நிகழ்ச்சி, அறிமுகத்திற்கென்று ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது. அறிமுகத்தைத் தடுக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. தம் எண் நெருங்க நெருங்க, தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் ‘மை நேட்டிவ் பிளேஸ் இஸ்’ என்பதை மனத்துக்குள் உருப்போட்டுக்கொண்டிருப்பதால், முன்னால் எழுந்தவர் கூறிய எதுவும் அவர் செவியில் ஏறுவதில்லை. அமர்ந்தபின், ‘இஸ்’ இரண்டு முறை வந்துவிட்டதோ என்ற ஆராய்ச்சியில் மூழ்குவதால், அடுத்தவர் பெயரும் போய்விடுகிறது. வரிசையாகச் சொற்களை உரக்க வாசிக்க வைக்கப்பட்டவர்கள், தம் முறைக்குச் சற்று முன்னர் வாசிக்கப்பட்டவற்றையே மிக மோசமாக நினைவுகூர்ந்தனர் என்று மால்கம் பிரென்னர் 1973இல் காட்டியிருக்கிறார். (எல்லாருக்கும் பொழுதுபோக்கு கிரிக்கெட்டும் பாட்டுக் கேட்பதுமாகவே இருப்பது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.)

இவ்வாறு செவியில் விழாமல் போன முன்னவர், பின்னவர் ஆகிய இருவரோடுதான் பதிவேடு அம்மாணவரைப் பிணைக்கிறது என்பதே இவ்வாய்வின் மையம். ரோல் நம்பர் என்பது ஆங்கில எழுத்து வரிசையில் பெயர்களை அடுக்கி இடப்படும் எண். லேப் பேட்ச், பட்டறை வகுப்பு, தேர்வு அறை என எல்லாம் பெரும்பாலும் அவ்வெண்படியே அமைகின்றன. வரைபடக் கருவியான டிராஃப்டரை மறந்து வந்தவர் கை நீட்டும் தூரத்தில் இருப்பவரும் அடுத்த எண்காரரே. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் காவல் பயிற்சிப் பள்ளியில், அறையும் இருக்கையும் பெயரின் எழுத்து வரிசைப்படி ஒதுக்கப்பட்ட பயிற்சியாளர்களை ஆராய்ந்த மேடி சீகல், எழுத்தில் அருகிருந்தோரே நண்பர்களாயினர் என்று 1974இல் வெளியிட்டார். காவலர்களுக்கே இதுதான் கதி என்றால் கூச்சமுள்ள மாணவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இங்கு ஒரு வரலாற்று இழப்பையும் பதிவுசெய்தாக வேண்டும். தமிழ் அகரவரிசையில் கணேசனும் கார்த்திக்கும் அடுத்தடுத்து நிற்கத் தக்கவர்கள். ஆங்கில வரிசையோ ஹரிஷ், இளவரசன், ஜெகன் முதலியோரை நடுவில் நிறுத்தி அவர்களை வெவ்வேறு லேப் பேட்ச்களுக்கு அனுப்பிவிடுகிறது. தமிழரசனுக்கும் தனசேகருக்கும் இடையிலோ ஏறத்தாழ முழு வகுப்பே கிடக்கிறது. எஸ் என்ற ஓரெழுத்தின்கீழ் சதீஷ், சரவணன், செந்தில், சுரேஷ் எனப் பெருங்கூட்டம் திரண்டு தனி நாடுபோல் இயங்க, யூ எழுத்தில் தன்னந்தனியாக நிற்கும் உதயகுமார், இருபுறமும் அந்நிய எழுத்துக்காரர்களோடு சமரசமாக வாழப் பழகுகிறார்.

பெயர் தெரியாமலே நட்பு முற்றிவிடுவதால் எழும் சிக்கலை ‘மச்சி’, ‘ப்ரோ’ ஆகிய விளிச்சொற்கள் ஓரளவு சமாளிக்கின்றன. ஒரு மாதம் சேர்ந்து மெஸ்ஸில் சாப்பிட்டவரிடம் “உன் பேர் என்ன?” என்று கேட்க முடியாத மாணவர், அவருடைய ரெக்கார்டு நோட்டைக் கடன் வாங்கி, அட்டையிலுள்ள பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டு, சோதனைப் பகுதியைத் திறக்காமலே திருப்பிக் கொடுப்பார்.

இனி, இக்கோட்பாட்டுக்குப் புறனடை, அதாவது பொதுவிதிக்கு விலக்காக நிற்பது, ஒன்று உண்டு. 75 சதவீத வருகை இல்லாதவர் பருவத்தேர்வு எழுத இயலாது என்பது பொது விதி. மருத்துவச் சான்று உடையோர்க்குச் சிறிது தளர்வு உண்டு, ஏனையோர்க்கு ப்ராக்ஸி உண்டு. வராதவருக்காக வந்தவர் ‘பிரசன்ட் சார்’ என்று குரல் கொடுக்கும் இவ்வழக்கத்தில், தமக்கென்று கூப்பிட்டபோது முதல் வரிசைக்கே கேட்காத குரலை உடைய மாணவர், பிறருக்காகத் தெளிவாகக் கூவுவதைக் காணலாம். எனினும் அடுத்தடுத்த இரு எண்களுக்கு ஒரே மூலையிலிருந்து ஒரே குரல் எழுந்தால் எந்தப் பேராசிரியரும் தலை நிமிர்வார் ஆதலின், இப்பணிக்கு உற்ற நண்பர் உதவார். பதிவேட்டில் வெகு தொலைவிலுள்ள ஒருவரை நாட வேண்டும். கே எழுத்துக்காரர் எஸ் நாட்டுக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைப்பது பெரும்பாலும் இவ்வேண்டுகோளுடன்தான். அப்போதும் அவர் எவரிடம் கேட்கிறாரோ அவர் பெயர் அவருக்குத் தெரிந்திருப்பதில்லை.