ஞாயிற்றுக்கிழமை காப்பி போதுமா?

கேள்வி: வாரந்தோறும் ஞாயிறன்று நானே கோப்புகளை எக்ஸ்டர்னல் டிரைவில் காப்பி செய்துவிடுகிறேன். தானியங்கி பேக்கப் எதற்கு?

பதில்: நல்ல பழக்கம். ஆனால் ஹார்டு டிஸ்க் ஞாயிறு வரை காத்திருந்து பழுதாவதில்லையே! விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியை ஒருமுறை இயக்கி, டிரைவைக் காட்டிவிடுங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களில் மாறியவற்றை மணிக்கொருமுறை அதுவே சேமிக்கும். முக்கியமானது, பழைய வடிவங்களும் தங்கும். கையால் காப்பி செய்தால் கெட்டுப்போன கோப்பு நல்லதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். ‘டிரைவ் எப்போதும் செருகியிருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டாதா?’ என்றால், பூட்டும். 2017இல் பரவிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர், கணினியோடு இணைந்திருந்த டிரைவ்களையும் விடவில்லை. எனவே இரண்டாவது டிரைவ் ஒன்றில் மாதமொருமுறை நகலெடுத்து, கழற்றி, வேறு வீட்டில் வையுங்கள். அமைத்த அன்றே ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பார்த்துவிடுங்கள்.