சிங்க் ஓட்டையும் வளையலின் பிறப்பும்: ஓர் இன்மையியல் ஆய்வு

சமையல் மேடையில் சிங்க் பதிப்பதற்காக வெட்டியெடுத்த துண்டு எங்கே போகிறது என்ற கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை எழுப்பியதில்லை. கிரானைட் மேடை போடும் நம் வீடுகளில் அந்தத் துண்டின் வாழ்க்கை வரலாறு எளியது. சில காலம் மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து நிற்கும். பிறகு கொல்லைக் குழாயடியில் துவைகல்லாகப் பதவி ஏற்கும். அங்கேயே ஓய்வும் பெறும். முனைவர் பட்டத்துக்குப் போதாத பொருள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல சமையலறைகளில் மேடை கல்லால் ஆனதில்லை. கோரியன் முதலான செயற்கைப் பலகையால் ஆனது. அதில் சிங்க்குக்காக வெட்டிய துண்டு மேடை போடும் பட்டறையின் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து, சொந்தமாக லேத் வைத்திருக்கும் யாரோ ஒருவரின் கார் டிக்கிக்கு. அங்கிருந்து, வளையலாகி, ஒரு பெண்ணின் கைக்கு. பாத்திரம் கழுவும் இடத்தில் இருந்திருக்க வேண்டிய பொருள் பாத்திரம் கழுவும் கையிலேயே ஏறிவிடும் இந்த விந்தையே நம் ஆய்வுப் பொருள். கள ஆய்வுக்கு உதவியவர் டெக்சாஸில் வசிக்கும் என் தங்கை கணவர். அவர் தம்மைக் கடைசல்காரர் என்கிறார். தங்கைக்கு மாற்றுக் கருத்து உண்டு. அது பின்னால் வரும்.

முதலில் பொருளின் குலம் கோத்திரம். டுபான்ட் நிறுவனத்தின் விஞ்ஞானி டொனால்ட் ஸ்லோகம் 1967-இல் கோரியனைக் கண்டுபிடித்தார். 1971-இல் அது விற்பனைக்கு வந்தது. எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின். மூன்றில் இரண்டு பங்கு பாக்சைட் தாதுவிலிருந்து பிரித்தெடுத்த அலுமினியம் ஹைட்ராக்சைடு. இந்த அக்ரிலிக்கின் சுற்றத்தாரை நாம் முன்பே அறிவோம்: பல்செட்டின் இளஞ்சிவப்பு ஈறு அதே பிசினால்தான் ஆனது. அலுமினியம் ஹைட்ராக்சைடும் புதியவர் இல்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் அவரே முக்கியப் பிரமுகர். ஆகவே இந்த வளையல், வேதியியல் கண்கொண்டு பார்த்தால், ஒரு பங்கு பல்செட்டும் இரண்டு பங்கு ஜீரண மருந்தும் சேர்ந்தது. முதுமையில் தேவைப்படும் இரண்டும் இளமையிலேயே கையில் ஏறிவிடுகின்றன என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

இனி தத்துவம். தருக்க நூலார் இன்மையை நான்காகப் பிரிப்பர். குடம் பிறக்கும் முன் அது இல்லாதிருப்பது முன்னின்மை. உடைந்த பின் இல்லாமற்போவது அழிவுபாட்டின்மை. ஒருபோதும் இல்லாதிருப்பது முழுதுமின்மை. குடம் துணியன்று, துணி குடமன்று என்பது ஒன்றினொன்றின்மை. பலகையில் வளையல் இன்னும் கடையப்படாமல் ஒளிந்திருந்த காலம் முன்னின்மை. மேடையில் துண்டு இருந்த இடத்தில் இப்போது சிங்க் இருக்கிறதே, அது அழிவுபாட்டின்மை. முழுதுமின்மைக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம், கடைசல்காரரின் லாபம். நான்காவதில்தான் சிக்கல். வளையல் வேறு, அதன் நடு ஓட்டை வேறு என்றால், ஓட்டையை நீக்கிவிட்டு வளையலை மட்டும் தர முடியுமா? தந்தால் அது வளையலா, மூடியா?

என் துணிபு இது: சிங்க் ஓட்டையும் வளையல் ஓட்டையும் ஒன்றே. இரண்டிலும் கை நுழைகிறது. முன்னதில் பாத்திரத்தோடு நுழைகிறது; பின்னதில் பாத்திரம் கழுவி முடித்துத் துடைத்த பிறகு. பலகையிலிருந்து ஓட்டை வெளியேற்றப்படவில்லை. பதினாறாகப் பிரிந்து நகை பூண்டது, அவ்வளவே.

பதினாறு என்ற எண் கற்பனையன்று. முக்கால் மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டில் 85 மில்லிமீட்டர் சதுரங்கள் நீளவாக்கில் எட்டு, அகலவாக்கில் நான்கு விழும். பலகையின் தடிமன் 12 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் ஒரு வளையலுக்கு இரண்டு சதுரங்களை ஒட்ட வேண்டும். முப்பத்திரண்டைப் பாதியாக்கினால் பதினாறு. வளைகாப்பில் ஒற்றைப்படையாக அடுக்குவது பல வீடுகளின் வழக்கம் என்பதால் ஒரு வளையல் கடையும்போதே தெறித்துப் போவது நல்லது. தொழில்நுட்பம் அதற்கும் வழி வைத்திருக்கிறது.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கேதான் அமெரிக்கக் கடைசல்காரர் தடுமாறுகிறார். வளையல் மணிக்கட்டில் தங்கினாலும் அதன் அளவைத் தீர்மானிப்பது மணிக்கட்டு அன்று. அது தாண்டி வரவேண்டிய விரல் முட்டிகள். இதை நம்மூர் வளையல்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கையை வாங்கி, கட்டை விரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கி, ஓர் அமுக்கு அமுக்கி, “ரெண்டு ஆறு” என்பார். இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும் என்பது அதன் பொருள். அதாவது உள்விட்டம் 60.3 மில்லிமீட்டர். ரெண்டு நாலுக்கும் ரெண்டு ஆறுக்கும் விட்டத்தில் வேறுபாடு மூன்று மில்லிமீட்டரும் சொச்சமும். சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் சோப்பு நுரையும் பிளாஸ்டிக் பையும் “இன்னும் கொஞ்சம் கையைத் தளர்த்தும்மா”வும் அடங்கியிருக்கின்றன. கண்ணாடி வளையல் இந்தப் போராட்டத்தில் தோற்றால் உடைந்து வழிவிடும். கோரியன் அப்படிப்பட்ட பெருந்தன்மை உடையதன்று. போகும், வராது.

விரல்களைக் குவித்து முட்டிகளைச் சுற்றி நூலால் அளந்தால் 190 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பையால் வகுத்தால் 60.5. ரெண்டு ஆறு சரியாகப் பொருந்தும். வளையல்காரர் ஒரு நொடியில் கண்டதைக் காண நமக்கு ஆர்க்கிமிடீஸ் துணை தேவைப்பட்டது.

கடைசல் முறைக்கு வருவோம். ஒட்டிய சதுரத்தின் மூலைகளை முதலில் ரம்பத்தால் களைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுழலும்போது நான்கு மூலைகளும் உளியை மாறி மாறி அறையும். பிறகு அதை ஒரு மரக்கட்டையில் ஒட்டி லேத்தில் ஏற்றுகிறார்கள். நடுவைத் துளை ரம்பத்தால் துளைத்து, உள்பக்கத்தைக் கார்பைடு முனை உளியால் சுரண்டி, வெர்னியர் வைத்து அளந்து, உப்புத்தாளால் தேய்த்து முடிப்பது முதற்கட்டம். அடுத்து, வளையத்தின் உள்ளே இறுக்கமாக உட்காரும்படி ஒரு மரக்குமிழைக் கடைந்து, அதில் வளையத்தை மாட்டி வெளிப்பக்கத்தைக் கடைய வேண்டும்.

குமிழின் இறுக்கம் பற்றி எத்தனை எழுதினாலும் தகும். கொஞ்சம் கூடினால் வளையம் விரிசல் விடும். கொஞ்சம் குறைந்தால் வளையம் குமிழைத் துறந்து பறக்கும். முகக் கவசம் இதற்காகத்தான். வெளிப்பக்கத்தை முதலில் முடிக்கலாமே என்று வாதிடும் ஒரு தரப்பும் இருக்கிறது. அவர்களுடைய வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது, அவர்கள் உள்பக்கத்தைக் கடையத் தொடங்கும்வரை.

சுரண்டலில் விழும் துகள் அசல் தேங்காய்த் துருவல். வெண்ணிறப் பலகையாக இருந்தால் ஐயமே வராது. நிலைமின்சாரத்தால் அது சட்டை, புருவம், காது மடல் எங்கும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. உப்புத்தாளில் தேய்க்கும்போது பறக்கும் பொடி இன்னும் நுண்ணியது. முகமூடி இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. இதில் மட்டும் வேடிக்கை இல்லை. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது உத்தமம்: பொடி பறக்காது, சூட்டில் பிசின் இளகி உப்புத்தாளை அடைக்கவும் செய்யாது. 220-ஆம் எண் தாளில் தொடங்கி 2000 வரை ஏறிவிட்டால் வளையலில் முகம் பார்க்கலாம். முகத்திலும் துருவல் இருக்கும்.

எடைக் கணக்குதான் இவ்வாய்வின் இதயம். இரண்டு அடுக்கு 85 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றின் கன அளவு 173 கன சென்டிமீட்டர். கன சென்டிமீட்டருக்கு 1.7 கிராம் என்று கொண்டால் 295 கிராம். அதிலிருந்து 60.3 உள்விட்டமும் 76 வெளிவிட்டமும் உள்ள வளையல் கடைந்தால், ஓரங்களை உருட்டுவதற்கு முன் அதன் எடை 69 கிராம். துளை ரம்பத்தில் வெளிவரும் 55 மில்லிமீட்டர் நடுவட்டு 97 கிராம். மிச்சம் 129 கிராம் துருவலும் பொடியும் மூலைத் துண்டுகளும். வளையலைவிட அதன் ஓட்டை கனம். ஓட்டையைவிடக் குப்பை கனம். நான்கில் ஒரு பங்குகூட நகையாகவில்லை. எனவே மாப்பிள்ளையை வளையல் செய்பவர் என்பதைவிடக் குப்பை செய்பவர் என்பதே அறிவியலுக்கு நெருக்கமான வரையறை. தங்கையின் மாற்றுக் கருத்து என்று முன்பே சொன்னது இதுதான். அவள் தராசு இல்லாமலேயே இந்த முடிவுக்கு வந்திருந்தாள்.

முதல் வளையல் கையளிக்கப்பட்ட நிகழ்வை நேரடிச் சாட்சியாகப் பதிவு செய்கிறேன்.

“ஏங்க, இது என்ன கல்லு?”

“கல்லு இல்லம்மா. கோரியன்.”

“யாரு வீட்டு சிங்க்?”

இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை இல்லை. பட்டறைக்காரர்கள் அந்த விவரத்தைத் தருவதில்லை.

அணிந்து பார்த்ததில் குறை ஒலியில்தான் இருந்தது. வளைகாப்பில் கண்ணாடி வளையல் போடுவது வயிற்றுப் பிள்ளைக்குத் தாயின் கையோசை கேட்கட்டும் என்றுதான் என்பார்கள். கண்ணாடி கலகலக்கும். கோரியன் வளையல்கள் ஒன்றோடொன்று மோதினால் “டொக்” என்கின்றன. இந்த ஓசையில் வளரும் பிள்ளை, அம்மா எங்கோ மேடைமேல் டபரா வைத்துக்கொண்டே இருக்கிறாள் என்று நினைக்கும். பதினைந்தையும் போட்டால் எடை ஏறத்தாழ ஒரு கிலோ வருகிறது. மகப்பேறு மருத்துவர்கள் இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்பது மேலாய்வுக்குரியது.

இத்தனை குப்பையா என்று வருந்துவோர் சங்கு வளையலின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்குகள் வளையலாக அறுபட வங்காளம் வரை போயின. அதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டிலும் சங்கறுத்தார்கள். அகநானூற்றின் 24-ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார், வேள்வி செய்யாத பார்ப்பனர் அரத்தால் வளையல் அறுத்தெடுத்த பின் மிஞ்சிக் கிடக்கும் சங்கின் நுனியைப் பகன்றை மொட்டுக்கு உவமை சொல்கிறார். கவனியுங்கள்: கவிஞரின் கண் போனது வளையலிடம் இல்லை, மிச்சத்திடம். தொல்லியலாளர்களும் அப்படித்தான். வளையல் யார் கையோடோ ஊர் விட்டுப் போய்விடும். அறுத்த மிச்சம்தான் பட்டறை இருந்த இடத்திலேயே கிடந்து சாட்சி சொல்லும்.

இந்த நியாயப்படி, டெக்சாஸ் புறநகர் ஒன்றைப் பிற்காலத்தார் தோண்டினால் கிடைக்கப்போவது அந்த 97 கிராம் வட்டுகள். ஒரே அளவு, நடுவில் துளை ரம்பத்தின் வழிகாட்டி முனை போட்ட சிறு துளை. ஓட்டைக்குள்ளிருந்து வந்ததிலும் ஓர் ஓட்டை. சக்கர வழிபாடு என்று ஒரு தரப்பு எழுதும். எடைக்கல் என்று மறுதரப்பு மறுக்கும். கீழடியில் நூற்றுக்கணக்கில் கிடைத்த வட்டச் சில்லுகளோடு ஒப்பிட்டு, இது விளையாட்டுப் பொருள் என்று மூன்றாவது ஒருவர் சொல்லி யாராலும் பொருட்படுத்தப்படாமல் போவார்.

அந்த மூன்றாமவர் சொன்னதே சரி. மாப்பிள்ளை இந்த வட்டுகளைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்க என்று 2000 வரை தேய்த்து மெருகேற்றினார். தங்கை ஒன்றை ஆடும் கிரைண்டர் காலுக்குக் கீழே கொடுத்தாள். அவர்கள் மகள் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் கராஜ் வாசலில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். சில்லு கட்டத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறதாம். கொஞ்சம் சொரசொரப்பாக்கித் தர வேண்டுமாம். மாப்பிள்ளை இப்போது 60-ஆம் எண் உப்புத்தாள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.