பல்லச்சம்: அளவைகளும் மெய்ப்பாட்டியலும்

வளர்ந்தவர்களுக்குப் பல் மருத்துவரிடம் உண்டாகும் அச்சம், சுருக்கம் கருதி இங்கே பல்லச்சம் எனப்படும். பல்லைக் கண்டே அஞ்சுவது வேறு, அது நாய் வளர்க்கும் வீடுகளுக்குச் செல்வோர்க்கு உரியது. குழந்தைகளின் பல்லச்சம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவர்கள் வாய்விட்டு அழுதுவிடுவதால் அளவுகோலுக்கு வேலையில்லை.

பல்லச்சத்தை எண்ணாக்கும் முயற்சிகளுள் புகழ்பெற்றது, அமெரிக்கரான நார்மன் கோரா 1969-இல் வெளியிட்ட பதற்ற அளவுகோல் ஆகும். நாளை மருத்துவரிடம் போகவேண்டும் என்னும்போதும், முறைக்காகக் காத்திருக்கும்போதும், நாற்காலியில் சாய்ந்தபின் அவர் துளைக்கருவியை ஆயத்தம் செய்யும்போதும், பல்லைச் சுத்தம் செய்யும் கருவிகளை எடுக்கும்போதும் மனநிலை எப்படி இருக்கும் என்று அது நான்கு வினாக்கள் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறது. ஆக, அனைத்துக்கும் நடுங்குபவர் 20 பெறுவார்; எதற்கும் அஞ்சாதவரும் 4 பெற்றே தீர்வார். சுழியம் பெற வழியே இல்லாமையால், பல்லச்சம் அறவே இல்லாத மனிதர் கணிதப்படி இருக்க முடியாது என்பது பெறப்படும்.

இந்நான்கனுள் ஊசி இல்லாத குறையை 1995-இல் ஹம்ஃப்ரிஸ், மாரிசன், லிண்ட்சே ஆகிய மூவர், கடைவாயின் மேல் ஈற்றில் மரத்துப்போவதற்கான ஊசி போடுவது பற்றிய ஐந்தாம் வினாவைச் சேர்த்துத் தீர்த்தனர். உச்சம் 25 ஆயிற்று, 19-உம் அதற்கு மேலும் பெற்றவர் பேரச்சத்தார் எனப்பட்டனர். வியர்வை, படபடப்பு, குமட்டல் என்று தனித்தனியே வினவும் 20 வினா அளவுகோல் ஒன்றும் உண்டு. அதை நிரப்பி முடிப்பதற்குள் உள்ளே அழைத்துவிடுவார்கள்.

ஐந்து வினா அளவுகோல் தமிழுக்கும் வந்துவிட்டது. வந்தபின்னும் அதைத் தொல்காப்பியத்தோடு பொருத்திப் பாராதது பெருங்குறையே. அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினால் பிறக்கும் என மெய்ப்பாட்டியல் வரையறுத்துவிட்டது. ஐந்தாவதாகப் பல் மருத்துவரைச் சேர்க்க இலக்கணம் இடம் தராது. எனவே அவர் இந்நான்கனுள் ஒன்றில் அடங்கியே ஆகவேண்டும்.

அணங்கு, அதாவது வருத்தும் தெய்வம், என்று கொள்வோர் மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வரும் துளைக்கருவியின் கீச்சொலியைச் சான்று காட்டுவர்: ஓசை உண்டு, உருவம் இல்லை. அதைக் கேட்டமாத்திரத்தில், இரவெல்லாம் கண்மூட விடாத கடைவாய்ப்பல் வலி இருந்த இடம் தெரியாமல் போவதும், ‘இப்போது தேவலை, அடுத்த வாரம் வருகிறேன்’ என்று நோயாளி டோக்கனைத் திருப்பிக் கொடுத்துச் செருப்பைத் தேடுவதும் அணங்கின் செயலே என்பர். விலங்கு என்ற கட்சி நிலைக்கவில்லை. கடிபடும் அபாயம் மருத்துவரின் விரலுக்கே உள்ளது. உடைமையாகிய பல்லையும் பிடுங்கிக்கொண்டு பணமும் பெறுவதால் கள்வர் என்பாரும் உளர். ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொண்டு பட்டப்பகலில் கவர்வது களவாகாது என்று அவர்கள் மறுக்கப்பட்டனர். ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் ஆகும் செலவு தெரிவிக்கப்பட்டபின் அக்கட்சி மீண்டும் வலுப்பெற்றது.

இறை, அதாவது அரசன் முதலிய மேலோர், என்னும் கட்சியே இவற்றுள் ஆழமானது. மல்லாந்து கிடப்பவரின் கண்ணில் விளக்கொளி விழ, வாய் நிறையப் பஞ்சும் உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருக்க, ‘சொந்த ஊர் எது, பையன் என்ன படிக்கிறான்’ என்று அடுக்கிக் கேட்டு, ‘ஆ’ என்னும் ஒற்றை நெடிலை முழு விடையாக ஏற்று, ‘அப்படியா, நல்லது’ என்று மேற்செல்லும் அதிகாரம் இறைக்கன்றி வேறு யாருக்கு உண்டு என இவர்கள் வினவுவர். மெய்ப்பாட்டியலுக்கு நச்சினார்க்கினியர் உரை கிடைக்கவில்லை. ஆகவே அவ்வுரை தம் பக்கமே நின்றிருக்கும் என்று இவர்கள் அடித்துக் கூறுகின்றனர். கிடைக்காத நூலிலிருந்து சான்று காட்டுவோரை மறுப்பது அரிது என்பதை ஆய்வுலகம் நன்கறிந்து, அதற்கேற்பவே நெடுங்காலமாக நடந்துவருகிறது.

எஞ்சியது ஓர் இடர்ப்பாடு. காத்திருப்பு அறையில் தாளைக் கொடுத்து அளக்கும் முறை, அந்த அறைவரை வந்துசேரும் துணிவுடையோரையே அளக்கிறது. உண்மையான பேரச்சத்தார், கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சைச் சொத்தைப் பல்லில் அடக்கி, கன்னத்தை உள்ளங்கையில் ஏந்தி வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். கிராம்பிலுள்ள யூஜெனால் நரம்பை மரக்கச் செய்வதால் வலி தணிகிறது, சொத்தை தன்பாட்டுக்கு வளர்கிறது. கிராம்பு மரபினர் எனத்தக்க இவர்களை வீடு தேடிச் சென்று வினவுவதே முறை. எனினும், விடை சொல்ல வாயைத் திறந்தால் வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிடுவாரோ என்ற ஐயத்தால், இவர்கள் எல்லா வினாக்களுக்கும் தலையை மட்டுமே அசைக்கின்றனர்.