நரி இடம் போனால்

இனுயிட் மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒண்ணாங் கிளாஸ் சுவரில் தொங்கிய ஏ.பி.சி.டி. சார்ட் சொல்லிக்கொடுத்ததுதான். 'ஈ'க்கு எஸ்கிமோ, 'ஐ'க்கு இக்லூ. குல்லாவுக்குள் சிரிக்கும் ஒரு முகம். கவிழ்த்து வைத்த இட்லி மாதிரி ஒரு வீடு. இந்த அறிவை மட்டும் வைத்துக்கொண்டு ஐம்பது வயதுவரை ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்துவிட்டேன்.

கெடுத்தவள் அண்ணன் மகள். மே மாத லீவுக்கு வந்தவள், ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, "சித்தப்பா, இது ரெண்டு பேர் ஆடற கேம். நான் நூனா, நீங்க நரி" என்று கையில் கன்ட்ரோலரைத் திணித்தாள். எனக்கு ஏன் நரி? "நரிக்கு வேலை கம்மி." அப்படித்தான் ஏமாந்தேன்.

விளையாட்டின் பெயர் 'நெவர் அலோன்'. 2014-இல் வந்தது. அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரத்துக் குக் இன்லெட் பழங்குடி கவுன்சில், சொந்தமாகவே ஒரு கேம் கம்பெனி ஆரம்பித்து, ஈ-லைன் மீடியாவோடு சேர்ந்து எடுத்தது. கம்பெனிக்கு 'அப்பர் ஒன்' என்று பெயர். கீழே இருக்கும் அமெரிக்க மாநிலங்களை அலாஸ்காக்காரர்கள் 'லோயர் 48' என்பார்கள். அப்படியானால் மேலே நாங்கள் ஒன்று. இந்தக் குசும்புக்காகவே அவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஓயாத பனிப்புயல். ஊர் வேட்டைக்குப் போக முடியாமல் தவிக்கிறது. புயல் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க நூனா என்ற சிறுமி கிளம்புகிறாள். வெள்ளைக் கரடியிடமிருந்து அவளைக் காப்பாற்றும் ஒரு நரி கூடவே வருகிறது. அலாஸ்காவின் வடக்கே வாழும் இனுயிட் பிரிவினரான இன்யூபியட்டுகளின் பழங்கதை இது. ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லாந்து என்ற கதைசொல்லி சொல்லி வந்ததில் நாயகன் ஒரு பையன். விளையாட்டில் பெண்ணாக்குவதற்கு அவருடைய மகளிடம் முறையாக அனுமதி கேட்டிருக்கிறார்கள். கதை சொல்லும் குரல் முழுக்க இன்யூபியாக் மொழியில். தொண்டைக்குழியில் தட்டித் தட்டி வரும் அந்தக் 'க'வை நான் சொல்லிப் பார்த்தேன். சமையலறையிலிருந்து அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நரி இடம் போனாலென்ன, வலம் போனாலென்ன என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. இங்கே அது செல்லாது. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் உதவும் ஆவிகள் இருக்கின்றன. நரி பக்கத்தில் போய் நின்றால்தான் அவை தெரியும், நூனா அவற்றின் மேல் ஏறிப் போக முடியும். நரி வேடிக்கை பார்த்துக்கொண்டு பின்தங்கினால், ஆவி மறைந்து, பெண் தொபுக்கென்று ஐஸ் தண்ணீரில் விழுவாள். முதல் நாளிலேயே அண்ணன் மகளைப் பதினோரு தடவை கொன்றேன்.

காற்று இன்னொரு கதை. எதிர்க்காற்று வரும்போது தரையோடு பம்மிக்கொள்ள வேண்டும். வீரமாக ஓடினால் பள்ளத்தில் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் அதே காற்று முதுகுப் பக்கம் வந்தால், அது தள்ளும் நேரம் பார்த்துக் குதித்தால் இரண்டு மடங்கு தூரம் தாண்டலாம். "காத்து வருது, குனிங்க சித்தப்பா!" என்று அவள் கத்துவாள். நான் குனிவேன், சோபாவில். நரி நிமிர்ந்தபடியே பறக்கும்.

வழியில் அங்கங்கே ஆந்தை உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் ஒரு சின்ன வீடியோ திறக்கும். மொத்தம் 24. அங்குள்ள பெரியவர்கள் நேரில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 'சிலா' என்று ஒரு சொல். வானிலை என்று சொல்லிவிடலாம், ஆனால் தரையிலிருந்து நிலா நட்சத்திரம் வரை எல்லாமே அதற்குள் அடக்கம். அதற்கு ஆன்மாவும் உண்டாம். என்னைத் தூக்கி எறிந்தது வெறும் காற்று இல்லை என்று தெரிந்ததும், தோற்றது கொஞ்சம் கௌரவமாகப் பட்டது.

இன்னொரு வீடியோவில் வானத்துப் பச்சை வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னார்கள். குல்லா போடாமல் வெளியே நின்றால் அந்த வெளிச்சங்கள் இறங்கி வந்து, தலையைக் கிள்ளி எடுத்துக் கால்பந்து ஆடுமாம். குழந்தைகளிடம் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்களாம். எங்கள் வீட்டுப் பூச்சாண்டி வெறுமனே பிடித்துக்கொண்டுதான் போவான். விளையாட்டெல்லாம் தெரியாது, பாவம்.

ஆட்டத்தில் ஒரு வருத்தம்: பாதி வழியில் நரி செத்துப்போகிறது. ஐம்பது வயது மனிதன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முழங்கையைத் தட்டி, "இருங்க, அது ஆவியா திரும்பி வரும்" என்றாள். வந்தது, மிதக்கிற ஒரு பையனாக. இனி விழ வேண்டியதில்லை. செத்த பிறகுதான் எனக்கு விளையாட்டே வந்தது.

கடைசியில் புயலின் காரணமும் தெரிந்தது. பெரிய உருவம் ஒன்று வாய்ச்சியை வைத்துக்கொண்டு பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது; அது தெறிப்பதுதான் புயல். பக்கத்து மனையில் ஆறு மாதமாக டைல்ஸ் அறுக்கும் ஆளை நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவள் தம்பிக்கு ஏ.பி.சி.டி. சார்ட் மாட்டியிருக்கிறார்கள். அதே இட்லி. நான் விடவில்லை. 'எஸ்கிமோ' வெளியார் வைத்த பெயர், பலருக்குப் பிடிக்காது. 'இனுயிட்' என்றாலே மக்கள் என்றுதான் அர்த்தம், அதனால் 'இனுயிட் மக்கள்' என்பது 'நடு சென்டர்' மாதிரி என்று விளக்கினேன். அவன் வாயைத் திறந்துகொண்டு கேட்டான். அக்காக்காரி சேர்ந்துகொண்டாள்: "இக்லூன்னா பனி வீடு மட்டும் இல்லடா. எந்த வீடா இருந்தாலும் இக்லூதான். அந்த ஊர்ல மண்ணும் புல்லும் வச்சுகூடக் கட்டியிருக்காங்க. நம்ம வீடும் இக்லூதான்."

அண்ணி கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"அப்படியா? உங்க இக்லூவுக்குக் கரண்ட் பில் வந்திருக்கு. நரி கட்டுமா, நூனா கட்டுமா?"