ரப்பர் மூடிக்குக் கீழே ஓடிய சாலை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து, எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீர் வடிந்த பிறகு, காருக்குள் காலை வைத்தேன். கார்ப்பெட் சதக்கென்றது. கதவுகளைத் திறந்துபோட்டு இரண்டு நாள் வெயிலில் காயவைத்ததில் மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மூன்றாம் நாள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் ஊறிய கோணிச் சாக்கின் வாடை. கார்ப்பெட்டைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எழுபதுகளில் நாகப்பட்டினத்தில் பெரியப்பாவிடம் ஒரு அம்பாசிடர் இருந்தது. நீங்களும் அப்படியொன்றில் போயிருப்பீர்கள்: முன்னால் ஒரே நீளச் சீட்டு, ஸ்டீயரிங்கை ஒட்டிக் கை கியர், காலடியில் வெறும் தகரம், அதன்மேல் கறுப்பு ரப்பர் மேட். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுகளை உருவி மதில்மேல் போட்டுவிட்டு, பெரியப்பா ஒரு வாளித் தண்ணீரை உள்ளே வீசி ஊற்றுவார்; தரையிலிருந்த ரப்பர் மூடியைப் பிடுங்குவது என் வேலை, வேளாங்கண்ணி மணலும் வேர்க்கடலைத் தோலும் எங்கள் ஒரு வாரத்து ஊர்சுற்றலும் சுழன்று சுழன்று அந்த ஓட்டை வழியே இறங்குவதை முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை திருவாரூர் போகும் வழியில், யாருக்கும் தெரியாமல் மேட்டை விலக்கி அந்த மூடியைக் கழற்றினேன். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சாலை ஓடிக்கொண்டிருந்தது. புளியமரத்து நிழல் வந்தால் ஓட்டை கறுக்கும், வெயில் வந்தால் வெளுக்கும், கணுக்காலில் சூடான காற்று. "டேய், மூடியைப் போடுடா, தூசி வருது" என்று பெரியப்பா திரும்பாமலே சொன்னார்.

பிறகு கார்ப்பெட்டும் ஏசியும் வந்தன. பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டே வரும்படி சத்தம் அடங்கியது. அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தரை கண்ணிலிருந்து மறைந்துவிட்டது, பதினோரு வருடம் என் காரின் தரையை நான் பார்த்ததே இல்லை.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிச் சற்றுப் பொறுத்த பிறகுதான் சீட்டில் கைவைக்க விட்டார் எங்கள் பேட்டை டிங்கர். சீட்டுக்கடியில் மஞ்சள் நிறத்தில் இருப்பது ஏர்பேக் கனெக்டர், அதில் விளையாடக் கூடாது. சீட் போல்ட்டுகள், கதவோரப் பிளாஸ்டிக் பட்டைகள், பெல்ட்டின் அடிப் போல்ட், நடுக் கன்சோல் எல்லாம் கழன்ற பின் கார்ப்பெட்டை இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டியிருந்தது. மேல்துணி காய்ந்திருந்தது, அடியில் ஒட்டியிருந்த தடித்த ஃபெல்ட்டைப் பிழிந்தால் காப்பித் தண்ணீர்.

டிங்கர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் காலடியில் மட்டும் தப் என்றது. தார் ஷீட்டின் ஓரம் உப்பியிருந்தது. நெம்பியதும் துரு அப்பளம்போல் நொறுங்கி வந்தது. வெள்ளம் ஒரு வாரத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை அது. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து, மாதக்கணக்கில் உள்ளேயே சொட்டியிருக்கிறது. கம்பி பிரஷ், எமரித் தாள், உள்ளங்கை அளவுக்கு வெட்டியெடுத்து வெல்டிங்கில் ஒரு ஒட்டு, ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதன்மேல் பெயின்ட். தகரம் முழுக்கக் காயாமல் எதையும் மூடாதீர்கள் என்றார் அவர். கதவோரமாகப் போகும் வயர்க் கட்டையும் பிரித்துத் துடைத்துக் காயவைத்தோம்.

கார்ப்பெட் மொட்டைமாடியில் காய்ந்த மூன்று வாரமும் வெறும் தகரத்தோடுதான் ஓட்டினேன். கூழாங்கல் தெறித்தது, தேங்கிய தண்ணீரில் சக்கரம் இறங்கியது, எல்லாம் காலுக்கடியில் கேட்டது. தகரத்தின் பள்ளத்தில் நான்கு ரப்பர் மூடிகள் இருந்தன. ஒன்றைப் பிடுங்கி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன், சுழன்று சுழன்றுதான் இறங்கியது.

இந்த மழைக்காலம் முடிந்ததும் உங்கள் காரில் கதவோரப் பட்டையைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைச் செருகி அழுத்திப் பாருங்கள். தாள் நனைந்தால் வெயிலை நம்பாதீர்கள், கழற்றிவிடுங்கள்.