மூன்று மாதக் கொப்பி

எங்கள் வேலணையில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பி வர ஏலாது. வேண்டாமென்றால், "ஏன் அண்ணை, எங்கடை வீட்டிலை குடிக்க மாட்டியளோ?" என்று முகம் சுருங்கிவிடும். ஊர் ஒற்றுமையைக் காக்க நான் குடித்த தேத்தண்ணிக்குக் கணக்கில்லை. அதுவும் கரண்டி நிரப்பி மூன்று சீனி. குறைத்துப் போட்டால் வீட்டுக்காரி கஞ்சி என்று கதை வந்துவிடுமே!

2016 இலிருந்து இந்த நாட்டில் சோடாப் போத்தல்களில் நிறம் போடுகிறார்கள். நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அந்தச் சிவப்பைக் கண்ட நாளிலிருந்து நான் சோடாவைத் தொடுவதில்லை. தேத்தண்ணிக் கோப்பைக்கு யாரும் நிறம் போடவில்லை.

சீனி வருத்தம் என்று எழுதிக் கொப்பி தந்த பிறகு கிளினிக்குக்கு ஒழுங்காகத்தான் போனேன். வெறுவயிற்றில் இரத்தம் எடுப்பார்கள். அதற்கு நாலு நாளுக்கு முன்னம் நான் முனிவர். சீனி இல்லை, இரவில் சோறு இல்லை, குரக்கன் பிட்டும் கீரையும்தான். பெறுபேறு தங்கமாக வரும். "நல்லாய் வைச்சிருக்கிறியள் ஐயா" என்பார்கள். திரும்பும் வழியில் சந்திக் கடையில் ஒரு பால் தேத்தண்ணியும் பணிசும் சாப்பிட்டு அதைக் கொண்டாடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

போன முறை புதிதாக ஒரு டொக்ரர் பிள்ளை வந்திருந்தா. என் கடைசி மகளின் வயதுதான் இருக்கும். எச்பிஏ1சி என்று ஏதோ எழுதினா. நானும் வழக்கம்போல முனிவராகிப் போய் இரத்தம் கொடுத்தேன். வந்தது ஒன்பதரை.

"நாலு நாள் விரதம் இருந்தனீங்களோ, ஐயா?"

விசயம் இதுதானாம்: இரத்தத்தில் ஓடுகிற சீனி சிவப்பணுவில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த அணு 120 நாளளவில் உயிரோடு திரியும். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் நான் ஏறிய படலைகள் எல்லாம் அதில் பதிவாகிக் கிடக்கும். சந்திக் கடைக்காரரின் கடன் கொப்பி மாதிரித்தான். கடைசி நாலு நாளும் கடைப்பக்கம் போகாததால் பழைய பற்று அழியுமோ?

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ?"

"சிச்சீ, வீட்டிலை பனங்கட்டிதான் கடிக்கிறனான்."

பனங்கட்டியிலும் பெரும்பங்கு அதே சுக்குரோசுதான் என்று அந்தப் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்ற என் மனுசி, "கிழமைக்கு ஒரு குட்டான் முடியுது பிள்ளை" என்று சாட்சி சொன்னா. பின்வாங்கு முழுக்கச் சிரித்தது.

சீனியில்லாமல் குடிக்கப் பழகச் சொல்லி இலண்டனில் இருக்கிற மகன் வீடியோவில் வந்தான். அங்கே யூனிவர்சிற்றி கொலிஜில் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010 இல் எழுதியிருக்கிறார்களாம். ஒரு புதுப் பழக்கம் படிய சராசரி 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254. இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதகம் இல்லையாம். அவ்வளவு நேரம் அவன் கதைத்ததில் இந்தக் கடைசி வசனம் மட்டும் என் மனதில் நன்றாகப் பதிந்தது. நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் படகேறிப் போய்க் குடித்த பாயாசம், அது ஒரு நாள். அந்தியேட்டி வீட்டு மோதகம், அது ஒரு நாள். மழை பெய்தது, அதுவும் ஒரு நாள்.

இராச்சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் நடந்தால் ஏறின சீனி இறங்கும் என்றும் டொக்ரர் சொல்லியிருந்தா. நடந்தேன். முதல் கிழமையிலேயே மனுசி கண்டுபிடித்துவிட்டா: நடை அரை மைல், தேத்தண்ணி மூன்று.

இப்போது அவவும் கூட வருகிறா. படலைக்குப் படலை, "இவருக்குச் சீனி போடாதேங்கோ" என்று எனக்கு முன்னால் அறிவித்தல் போகிறது. ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் என் ஒன்பதரை தெரியும். நேற்று ஒரு வீட்டில் வீட்டுக்காரி இரக்கப்பட்டு, "வெறுந் தேத்தண்ணியை எப்பிடி அண்ணை குடிக்கிறது?" என்று ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு துண்டு பனங்கட்டியை என் கையில் வைத்தா. மூடின கையை என் மனுசி விரித்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டா.

அவவுக்குச் சீனி வருத்தம் இல்லையாம்.